பாங்கிக் குமாஸ்தாவின் கணக்கு

நவம்பர் மாதத்தில் ஒரு நாள் காலையில் நாம் ஒரு பாங்கிக்குப் போயிருந்தோம். பிரமாதமான காரியம் ஒன்றுமில்லை. பாஸ் புஸ்தகத்தில் வரவு செலவுகளைப் பதிந்துகொண்டு திரும்பலாம் என்றுதான் போனோம். பதிகிற இயந்திரம் அன்றைக்கு லீவு எடுத்துக்கொண்டிருந்தது. ஆகவே, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றிலும் நடப்பதைக் கவனிக்கும் பாக்கியம் நமக்குக் கிட்டியது.

நவம்பர் மாதம் பென்ஷன்காரர்களின் மாதம் என்பது நேயர்கள் அறிந்ததே. தாங்கள் இன்னும் இவ்வுலகத்தில்தான் இருக்கிறோம் என்பதற்கு அவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை அத்தாட்சி காட்டியாக வேண்டும். முன்னெல்லாம் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. 2014-ம் வருஷத்திலிருந்து, விரல் ரேகையை இயந்திரத்தில் பதித்து உயிரை நிரூபிக்கும் வழியும் வந்திருக்கிறது.

அன்று வந்திருந்தவர்களில் ஒரு பாட்டியம்மாள். புருஷனுடைய உத்தியோகத்தின் பேரில் வரும் குடும்பப் பென்ஷன் அவருக்கு. கவுண்டரில் இருந்த பெண் சிப்பந்திக்கு வயது முப்பது இருக்கலாம். பாட்டியின் கட்டை விரலை இயந்திரம் ஒப்புக்கொள்ள மறுத்தது. அறுபது வருஷம் பாத்திரம் தேய்த்த விரலில் ரேகைக்கு எங்கே போவது?

அந்தப் பெண் கவுண்டரை விட்டு எழுந்து வெளியே வந்தார். "உட்காருங்கள், பாட்டி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். கைக்குட்டையை நனைத்து விரலைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார். ஏழாவது விரலில் இயந்திரத்துக்கு மனம் இளகியது. "பாட்டி, நீங்கள் இருக்கிறீர்கள் என்று இயந்திரமும் சொல்லிவிட்டது" என்றார். "நீ தீர்க்காயுசாய் இருக்க வேணும், குழந்தை" என்று பாட்டி அந்தக் கையையே பிடித்துக்கொண்டார். இதற்கெல்லாம் இருபது நிமிஷம் பிடித்தது.

பாட்டி வாசற்படி இறங்கியிருக்க மாட்டார். மானேஜர் தம் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்ஷூரன்ஸ் இன்றைக்கு எத்தனை ஆயிற்று, அம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் ஒன்றும் ஆகவில்லை, ஸார்."

"மேலிடத்திலிருந்து இதற்குள் இரண்டு தடவை டெலிபோன் வந்துவிட்டது. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

மானேஜர் கெட்ட மனிதராகத் தோன்றவில்லை. அவர் முகத்தில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகமாயிருந்தது. ஆனால் ஒரு நிமிஷத்துக்கு முன் மலர்ந்திருந்த அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று சுருங்கிப் போயிற்று. அவருடைய அன்றைய காலை வேலைக்குப் பாங்கியின் கணக்கில் விழுந்த மதிப்பு ஒரு பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உத்தேசித்திருக்கிறோம். பாங்கிச் சிப்பந்தி எதனால் நன்றாக வேலை செய்கிறார், எதனால் மோசமாகச் செய்கிறார் என்பதே கேள்வி.

நமக்கு என்ன சம்பந்தம்?

'சிப்பந்தி வேலை செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன? அது முதலாளியின் கவலை அல்லவா?' என்று சில நேயர்கள் கேட்கலாம். புடவைக் கடைக் குமாஸ்தா அசிரத்தையாய் இருந்தால் நாம் அடுத்த கடைக்குப் போகிறோம். அத்துடன் விஷயம் முடிந்தது. பாங்கி அப்படியல்ல. பெண்ணின் கலியாணத்துக்குச் சேர்த்த பணமும், பிள்ளையின் படிப்புக்கு ஒதுக்கிய பணமும், ரிடையராகும்போது கைக்கு வந்த மொத்தத் தொகையும் அங்கே இருக்கின்றன. பாங்கி விற்கும் சரக்கு நம்பிக்கை ஒன்றுதான்.

அந்த நம்பிக்கை உடைந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னைப் பட்டணம் ஒரு தடவை பார்த்திருக்கிறது. 1906-ம் வருஷம் அக்டோபர் 22-ம் தேதி அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. வெள்ளைக்காரக் கம்பெனி, பெரிய கட்டிடம், பழைய பெயர் என்று நம்பி ஆயுள் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டியிருந்த குடும்பங்கள் தெருவில் நின்றன. அதற்குப் பிறகுதான், நம்மவர் பணத்தை நம்மவரே பாதுகாக்க வேண்டும் என்ற ஆவேசத்துடன் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முன்வந்தார்கள். 1907-ம் வருஷம் ஆகஸ்டு 15-ம் தேதி இந்தியன் பாங்கி வேலையைத் தொடங்கியது. கட்டிடத்தின் உயரத்தைப் பார்த்து ஏமாந்த ஜனங்கள், உள்ளே இருக்கும் மனிதர்களைப் பார்த்து மறுபடியும் பணம் போட ஆரம்பித்தார்கள்.

உள்ளே இருக்கும் மனிதர்கள் என்றால் யார்? டைரக்டர்களை நாம் பார்ப்பதில்லை. நமக்குப் பாங்கி என்பது கவுண்டருக்கு அப்பால் இருக்கும் அந்த ஒரு முகந்தான். அந்த முகம் எப்படி இருக்கிறது என்பது நம் வீட்டு விஷயமே.

சம்பளம் போதாதா?

இதைப் பற்றி ஊரில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. 'சம்பளத்தை உயர்த்தினால் எல்லாம் சரியாகும்' என்பது ஒரு கட்சி. 'சம்பளம் கொடுத்துக் கொடுத்துத்தான் கெட்டுப் போயிற்று. வேலை போய்விடும் என்ற பயம் வேண்டும்' என்பது எதிர்க் கட்சி. இரண்டையும் கொஞ்சம் பரிசீலிப்போம்.

ஒரு காலத்தில் பாங்கிக் குமாஸ்தாவின் நிலைமை மிகப் பரிதாபமாக இருந்தது. நாள் முழுவதும் ஆயிரக் கணக்கில் பிறர் பணத்தை எண்ணிவிட்டு, மாசக் கடைசியில் வீட்டுக்கு அரிசி வாங்கக் கடன் கேட்டவர்கள் அவர்கள். 1946-ம் வருஷம் ஏப்ரல் மாதம் கல்கத்தாவில் அகில இந்திய பாங்கி ஊழியர் சங்கம் ஏற்பட்டது. பிறகு 1953-ல் சாஸ்திரி டிரிப்யூனல் தீர்ப்பு, 1962-ல் தேசாய் டிரிப்யூனல் தீர்ப்பு என்று வழக்கும் வியாஜ்யமுமாகப் போராடினார்கள். 1966 அக்டோபரில், கோர்ட்டுக்குப் போகாமல் இரு தரப்பாரும் நேரில் உட்கார்ந்து பேசி முதல் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அந்த வரிசையில் பன்னிரண்டாவது ஒப்பந்தம் 2024-ம் வருஷம் மார்ச்சு 8-ம் தேதி கையெழுத்தாயிற்று. அதன்படி, சம்பளத்துக்கும் படிகளுக்கும் ஆகும் மொத்தச் செலவு நூற்றுக்குப் பதினேழு உயர்ந்தது.

இந்தச் சம்பளம் நியாயமானதே. பணப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருகிறவன் வயிறு காய்ந்திருக்கக் கூடாது. மேலும், சாயங்காலம் கணக்குப் பார்க்கையில் ரொக்கம் குறைந்தால் காஷியர் தம் கையிலிருந்து ஈடு செய்யவேண்டும் என்பதை நேயர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு கூடுதலாக நம் கைக்கு வந்தால், அந்த நஷ்டம் பாங்கியின் நஷ்டமல்ல. எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரின் வீட்டு நஷ்டம்.

ஆனால் சம்பளம் செய்யக்கூடிய வேலைக்கு ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவில் பிரெடரிக் ஹெர்ஸ்பர்க் என்ற மனோதத்துவ நிபுணர், பிட்ஸ்பர்க் நகரில் சுமார் 200 இன்ஜினீயர்களையும் கணக்கர்களையும் கண்டு பேசி, 1959-ல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். 'எப்போது உமக்கு உமது வேலை பிடித்தது? எப்போது வெறுத்தது?' என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. விடைகள் இரண்டு கூறாகப் பிரிந்தன. வெறுப்புக்குக் காரணமாகச் சொல்லப்பட்டவை நிர்வாகத்தின் விதிமுறைகள், மேலதிகாரியின் நடத்தை, சம்பளத்தில் அநீதி முதலியவை. பிடித்துப் போனதற்குக் காரணமோ, ஒரு காரியத்தை முடித்த திருப்தி, அதைப் பிறர் அங்கீகரித்தது, வேலையிலேயே இருந்த ருசி ஆகியவை. சம்பளம் குறைந்தால் மனம் கசக்கும். ஆனால் சம்பளம் உயர்ந்த ஒரே காரணத்தால் மனம் வேலையில் ஒன்றிவிடாது என்று அவர் முடிவு கட்டினார். பிற்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் அவருடன் வாதாடியிருக்கிறார்கள் என்றாலும், நம் அனுபவத்துக்கு இது ஒத்தே இருக்கிறது. உப்பில்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. ஆனால் உப்பே சாப்பாடு ஆகிவிடாது.

அந்தப் பாட்டியின் விரலைத் துடைத்த பெண், சம்பளத்தை நினைத்துத் துடைக்கவில்லை என்பதை நாம் கண்ணாரக் கண்டோம்.

சவுக்கால் ஆகுமா?

எதிர்க் கட்சியின் யோசனையைப் பரீட்சை செய்து பார்க்க நாம் சிரமப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவிலேயே அதை மிகவும் பெரிய அளவில் பரீட்சை செய்து பார்த்துவிட்டார்கள்.

வெல்ஸ் பார்கோ என்பது அந்தத் தேசத்தின் மிகப் பெரிய பாங்கிகளுள் ஒன்று. 1852-ல் தங்கம் தேடிப் போனவர்களுக்காக ஏற்பட்ட பழைய ஸ்தாபனம். அதன் தலைவர்கள் ஒரு மந்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் எட்டுச் சரக்குகள் விற்க வேண்டும் என்பதே அந்த மந்திரம். சேமிப்புக் கணக்கு, செக் கணக்கு, கடன் கார்டு, வீட்டுக் கடன் என்று எட்டு. ஏன் எட்டு? இங்கிலீஷில் எட்டு என்ற சொல்லும் 'கிரேட்' என்ற சொல்லும் ஓசையில் ஒத்து வருகின்றனவாம்! அவர்களே இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். குடும்பங்களுக்கு எத்தனை கணக்குகள் தேவை என்று யாரும் எண்ணிப் பார்த்து வந்த எண் அல்ல அது.

கிளைகளுக்குத் தினந்தோறும் டார்கெட் வகுக்கப்பட்டது. எட்டியவருக்குப் போனஸ், எட்டாதவருக்கு வசவும் வேலை நீக்கமும். சவுக்குக் கட்சியாரின் கணக்குப்படி, சிப்பந்திகள் துள்ளி எழுந்து வேலை செய்திருக்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் அப்படித்தான் செய்தார்கள். கணக்குகள் பெருகின. பங்கு விலை உயர்ந்தது. தலைவர்களைப் பத்திரிகைகள் புகழ்ந்தன.

உண்மையில் நடந்தது என்னவென்றால், தெருவில் போகும் ஜனங்களுக்கு எட்டுக் கணக்குகள் வேண்டியிருக்கவில்லை. சிப்பந்திகளுக்கோ வேலை வேண்டியிருந்தது. ஆகையால் வாடிக்கைக்காரருக்குத் தெரியாமலே அவர் பெயரில் கணக்குத் திறந்தார்கள். இல்லாத ஈமெயில் விலாசங்களைக் கற்பனை செய்து எழுதினார்கள். ஒரு கணக்கிலிருந்த பணத்தை எடுத்து இன்னொன்றில் போட்டு அதற்கு உயிர் இருப்பதாகக் காட்டினார்கள். 2013-லேயே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பத்திரிகை ஒன்று இதை வெளியிட்டது. 2016 செப்டம்பர் 8-ம் தேதி அதிகாரிகள் பாங்கிக்கு 185 மில்லியன் டாலர் அபராதம் விதித்தார்கள். அனுமதியில்லாமல் திறந்திருக்கக்கூடிய கணக்குகள் முதலில் 20 லட்சம் என்றார்கள். மறு வருஷம் அது 35 லட்சம் என்று தெரிந்தது. சுமார் 5,300 சிப்பந்திகள் வேலை நீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள்.

இந்த 5,300 என்ற தொகையை நேயர்கள் ஒரு நிமிஷம் யோசிக்கவேண்டும். ஒரு கூடையில் ஒரு மாம்பழம் அழுகியிருந்தால் பழத்தின் குற்றம் எனலாம். கூடை கூடையாக அழுகினால் கிடங்கை அல்லவா பார்க்க வேண்டும்? பாங்கியின் தலைவர் முதலில் பழத்தின்மேல்தான் பழி போட்டார். ஆனால் 2017 ஏப்ரலில் பாங்கியின் டைரக்டர்களே நடத்திய விசாரணை, விற்பனை வெறியும் அதைத் தூண்டிய நிர்வாகமுமே காரணம் என்று கூறிற்று. அதே மாதத்தில், மோசடியைப் பற்றித் தகவல் கொடுத்த பிறகு வேலை நீக்கம் செய்யப்பட்ட ஒரு மானேஜரை மீண்டும் வேலையில் அமர்த்தும்படி அமெரிக்கத் தொழில் இலாகா உத்தரவிட்டது. 2016 அக்டோபரில் ராஜிநாமாச் செய்த தலைவர் ஜான் ஸ்டம்ப், 2020 ஜனவரியில் 175 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டு, இனிப் பாங்கித் தொழிலிலேயே ஈடுபடக்கூடாது என்ற தடைக்கும் ஆளானார். அடுத்த மாதம் பாங்கி 3 பில்லியன் டாலர் செலுத்த இசைந்தது.

இவ்வளவுக்கும் காரணம் சிப்பந்திகள் வேலை செய்யாதது அல்ல. சொன்ன வேலையைச் செய்ததுதான். எதை எண்ணினார்களோ, அதைக் கொடுத்தார்கள். கணக்குகளை எண்ணினார்கள்; கணக்குகள் கிடைத்தன. நாணயத்தை யாரும் எண்ணவில்லை. அது கைவிட்டுப் போயிற்று.

நம் வீட்டு விஷயம்

'அமெரிக்காக்காரன் பணத்தாசை பிடித்தவன். நம் தேசத்தில் அப்படி நடக்குமா?' என்று கர்வப்பட நமக்கு இடமில்லை. அமெரிக்காவில் அந்தக் குட்டு உடைந்த அதே 2016 செப்டம்பரில், இந்தியப் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது.

2014 ஆகஸ்டு 28-ம் தேதி ஜன் தன் திட்டம் ஆரம்பமாயிற்று. ஏழைகளுக்கும் பாங்கிக் கணக்கு வேண்டும் என்ற மிக உயர்ந்த நோக்கம் அது. கணக்கில் பணமில்லாவிட்டாலும் பாதகமில்லை என்பதே திட்டத்தின் அடிப்படை. ஆனால் கணக்குகள் காலியாகக் கிடக்கின்றனவே என்று கேலிப் பேச்சு எழுந்தது. காலிக் கணக்குகளைக் குறைக்கவேண்டும் என்று மேலிருந்து நெருக்கினார்கள். கீழே என்ன நடந்தது? சில கிளைகளில், காலிக் கணக்குகளில் ஒவ்வொரு ரூபாயாகப் பாங்கிச் சிப்பந்திகளே போட்டுவைத்தார்கள் என்று அந்தச் செய்தி கூறிற்று. புள்ளி விவரம் அழகாக மாறியது. ஏழையின் நிலைமை மாறவில்லை.

இதில் யாரும் ஏழையின் பணத்தைத் திருடவில்லை. தங்கள் கைப்பணத்தைத்தான் போட்டார்கள். அதுதான் பரிதாபம். ஒரு நல்ல நோக்கம்கூட, எண்ணிக்கையாக மாறிக் கவுண்டருக்கு வந்து சேரும்போது, நல்ல மனிதர்களைப் பொய்க் கணக்கு எழுத வைத்துவிடுகிறது.

இன்ஷூரன்ஸ் விஷயம் இன்னும் நம் வீட்டுக்குச் சமீபத்தில் இருக்கிறது. பிக்ஸட் டிபாஸிட் போட வரும் முதியவரிடம், "இதிலே இன்னும் நல்ல வருமானம் வரும், ஸார்" என்று ஒரு பாரத்தை நீட்டுகிறார்கள். அது பல வருஷம் பிரீமியம் கட்டவேண்டிய பாலிஸி என்பது மறு வருஷம் நோட்டீஸ் வரும்போதுதான் தெரிகிறது. 2024 நவம்பரில் மத்திய நிதி மந்திரி நிர்மலா சீதாராமனே, பாங்கிகள் இன்ஷூரன்ஸைத் தவறாக விற்பதைக் கண்டித்துப் பேசினார். பேச்சு சரியானதே. ஆனால் கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்குக் காலை பத்து மணிக்கு வரும் டெலிபோன் வேறு பாஷை பேசுகிறது. எந்தப் பாஷைக்கு அவர் கீழ்ப்படிவார் என்று சொல்லவும் வேண்டுமா?

டார்கெட் இல்லாத நாட்கள்

அப்படியானால், எண்ணிக்கையும் இல்லாமல், போனஸும் இல்லாமல், பாங்கிச் சிப்பந்திகள் உழைப்பார்களா? உழைத்ததை நாமெல்லோரும் பார்த்தோம்.

2016 நவம்பர் 8-ம் தேதி இரவு, ஐந்நூறு ரூபாய் நோட்டும் ஆயிரம் ரூபாய் நோட்டும் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் நூற்றுக்கு 86 பங்கு ஒரே இரவில் காகிதமாயிற்று. அந்தக் கொள்கை சரியா தவறா என்ற வாதத்துக்கு நாம் இங்கே போகவில்லை. 10-ம் தேதி காலை பாங்கிகள் திறந்தபோது தெருக்கோடி வரையில் ஜனங்கள் நின்றார்கள். 12, 13 தேதிகளில் சனி ஞாயிறும் பாங்கிகள் திறந்திருந்தன. விதிகள் அடிக்கடி மாறின. கள்ள நோட்டு ஒன்று கைதவறி வந்துவிட்டால் பொறுப்பு காஷியரைச் சேர்ந்தது. ஜனங்களின் கோபமெல்லாம் கவுண்டரின் மேலேயே விழுந்தது. இருந்தும் அவர்கள் இராத்திரி வெகு நேரம் உட்கார்ந்து எண்ணினார்கள். ரிடையரான பழைய சிப்பந்திகள்கூட வந்து கை கொடுத்தார்கள். குறுக்கு வழியில் நோட்டு மாற்றிக் கொடுத்துச் சிறைக்குப் போனவர்களும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் சிலரே.

பிறகு 2020-ல் கொரோனா வந்தது. மார்ச்சு 25-ம் தேதியிலிருந்து தேசமே கதவைச் சாத்திக்கொண்டபோது, பாங்கிக் கதவு திறந்திருந்தது. ஏப்ரலிலிருந்து மூன்று மாதம், சுமார் 20 கோடி ஏழைப் பெண்களின் ஜன் தன் கணக்குகளில் சர்க்கார் மாதம் ஐந்நூறு ரூபாய் போட்டது. எந்தக் கணக்குகள் காலியாயிருக்கின்றன என்று முன்பு கேலி செய்தார்களோ, அவையே அன்று அடுப்பை எரியவைத்தன. முகமூடி அணிந்த குமாஸ்தாக்கள், நோய் எந்தக் கையிலிருந்து வரும் என்று தெரியாமலே, அந்தப் பணத்தைக் கைமேல் எண்ணிக் கொடுத்தார்கள்.

அந்த நாட்களில் அவர்களை உழைக்க வைத்தது எது? எதிரே நிற்கும் மனிதருக்குத் தம்மால் ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. செய்து முடித்தால் அதன் பலனும் அங்கேயே தெரிந்தது. டார்கெட் ஏட்டைத் திறக்க யாருக்கும் நேரமில்லை. வேலையின் அர்த்தம் விளங்கினால் மனிதன் சக்திக்கு மிஞ்சியும் உழைக்கிறான் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை.

ஆளும், அச்சமும்

இதற்காக, 'அர்த்தத்தைக் காட்டினால் போதும், வேறொன்றும் வேண்டாம்' என்று நாம் சொல்ல வரவில்லை. அவசர காலத்து உற்சாகத்தை வருஷம் முழுவதும் கறக்க நினைத்தால் மாடு உதைக்கும்.

முதலாவதாக ஆள் வேண்டும். 1969 ஜூலை 19-ம் தேதி பதினான்கு பாங்கிகள் தேசியமாக்கப்பட்டபோது நாட்டில் 8,262 கிளைகள் இருந்தன. 1991-ல் அவை சுமார் 60,000 ஆயின. கிராமத்துக் குடியானவன் முதல் தடவையாகப் பாங்கி வாசலை மிதித்தது அந்தக் காலத்தில்தான். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, லெட்ஜர் போயிற்று. 2000, 2001 வருஷங்களில் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் லட்சம் பேர் அளவில் வெளியேறினார்கள். இயந்திரம் நிறைய வேலையைக் குறைத்தது வாஸ்தவமே. ஆனால் ரேகை பதியாத விரலைத் துடைக்க இன்னும் இயந்திரம் வரவில்லை. கவுண்டரில் இரண்டு பேர் இருக்கவேண்டிய இடத்தில் ஒருவர் இருந்தால், அவர் கடுகடுப்பதை அவருடைய சுபாவம் என்று எண்ணுவது தவறு.

இரண்டாவதாக, அச்சம் தெளிய வேண்டும். கடன் கொடுக்கும் அதிகாரி நல்லெண்ணத்துடன் கொடுத்த கடன் மழை பொய்த்து வராமற் போகலாம். மோசக்காரனுக்குத் தெரிந்தே கொடுத்த கடனும் வராமற் போகலாம். இரண்டையும் ஒரே தராசில் வைத்து விசாரித்தால், புத்திசாலியான அதிகாரி யாருக்கும் கடன் கொடுக்க மாட்டார். கொடுக்காத கடனுக்கு விசாரணை கிடையாதல்லவா? தவறுக்கும் குற்றத்துக்கும் உள்ள பேதம் எங்கே மறைகிறதோ, அங்கே திறமையும் மறைந்துவிடுகிறது.

மூன்றாவதாகக் குடும்பம். அதிகாரியாக உயர்ந்தால் ஆயிரம் மைலுக்கு அப்பால் மாற்றல் வரும் என்று பிரமோஷனே வேண்டாமென்று மறுக்கும் பெண்கள் உண்டு. புருஷன் ஓர் ஊரில், மனைவி ஓர் ஊரில், குழந்தை பாட்டி வீட்டில் என்றால் கணக்கில் மனம் எப்படி நிற்கும்? பெண் சிப்பந்திகளைக் கூடியவரையில் கணவரோ பெற்றோரோ இருக்கும் ஊருக்கு அருகில் நியமிக்கலாம் என்று 2014-ல் மத்திய சர்க்கார் பொதுத் துறைப் பாங்கிகளுக்கு யோசனை கூறியது. அது நல்ல யோசனை.

எல்லாவற்றுக்கும் மேலாக அளவுகோலைத் திருத்தவேண்டும். 2020 நவம்பர் ஒப்பந்தத்தில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பொதுத் துறைப் பாங்கி ஒன்றின் நடப்பு லாபம் குறிப்பிட்ட அளவு உயர்ந்தால், அங்குள்ள அனைவருக்கும் சில நாள் சம்பளம் கூடுதலாகக் கிடைக்கும். ஒருவன் காலை ஒருவன் இழுக்காமல் எல்லோரும் சேர்ந்து ஏற வழிசெய்ததால் இதைப் பாராட்டுகிறோம். ஆனால் லாபம் ஒன்றை மட்டும் எண்ணினால் போதாது. விற்ற பாலிஸிகளில் எத்தனை மறு வருஷமும் உயிரோடு இருக்கின்றன? வந்த புகார்களில் எத்தனை தீர்ந்தன? சென்ற வருஷத்து வாடிக்கைக்காரர் இந்த வருஷமும் வருகிறாரா? இவற்றையும் எண்ணலாமே! எண்ணுவதற்கு மனம் இருந்தால் வழியும் உண்டு.

நாம் செய்யக்கூடியது

மேலிடத்துக்கு உபதேசம் செய்வது எளிது. நம் பங்குக்கு என்ன செய்யலாம் என்பதையும் பார்ப்போம்.

கவுண்டரில் நீட்டும் எந்தக் காகிதத்திலும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பாலிஸியை வாங்கியபின் தவறென்று தெரிந்தால், அது கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடும் உரிமை உங்களுக்கு உண்டு. வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள். 'வேண்டாம், அம்மா' என்று மரியாதையாகச் சொல்லும் வாடிக்கைக்காரர் அந்தச் சிப்பந்திக்கும் உபகாரம் செய்கிறார். வேண்டாத சரக்கை யாரும் வாங்காவிட்டால், விற்கச் சொல்லும் உத்தரவும் ஒரு நாள் ஓயும்.

இன்னொன்று. தப்பு நடந்தால் புகார் எழுத நாம் தயங்குவதில்லை, எழுதத்தான் வேண்டும். ஆனால் நல்லது நடந்தால் எழுதியிருக்கிறோமா? நாமும் இதுவரையில் எழுதினதில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

அன்று பாஸ் புஸ்தகம் பதியாமலே நாம் வீடு திரும்பினோம். ஆனால் திரும்புவதற்கு முன், கவுண்டர் மேசைமேல் கிடந்த புஸ்தகத்தைக் கேட்டு வாங்கினோம். புகார்ப் புஸ்தகம் என்றுதான் அதற்குப் பெயர். அந்தப் பெண் சற்றுப் பயந்துபோய், "என்ன ஸார், ஏதாவது தவறா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல், பாட்டி, ஏழு விரல், இருபது நிமிஷம் எல்லாவற்றையும் விவரமாக எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு, மானேஜரிடமே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அவர் வாசித்தார். மறுபடியும் ஒரு தடவை வாசித்தார். "இதை மேலிடத்துக்கு அனுப்பலாமா, ஸார்?" என்று கேட்டார்.

அனுப்பினாரா என்பது நமக்குத் தெரியாது. அந்தப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் எண்ணை நம் கையால் எழுதிவிட்டு வந்தோம் என்ற திருப்தி மட்டும் இருக்கிறது. அடுத்த தடவை பாங்கிக்குப் போகும்போது நேயர்களும் அப்படி ஒரு வரி எழுதிவிட்டு வருவார்களாக!